இசையா, இரைச்சலா?

1952, ஆகஸ்டு 29. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக் என்னும் ஊர். மரங்களுக்கு நடுவே ஓர் எளிய அரங்கு. பியானோ வல்லுநர் டேவிட் டியூடர் மேடையேறினார், அமர்ந்தார், பியானோவின் மூடியை மூடினார், கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்று பகுதிகள், மொத்தம் 4 நிமிடம் 33 வினாடி. ஒரு கட்டையைக்கூட அவர் விரல் தொடவில்லை! வெளியே காற்று மரங்களை அசைத்தது; கூரையிலே மழைத்துளி விழுந்தது; உள்ளே மக்கள் முணுமுணுத்தனர்; சிலர் எழுந்தே போயினர். படைப்பின் ஆசிரியர் ஜான் கேஜ். அந்தக் காற்றும் மழையும் முணுமுணுப்புமே இசை என்பது அவர் கருத்து.

சிரிப்பு வருகிறதா, தோழர்களே? சிரியுங்கள், நாமும் முதலில் சிரித்தோம். ஆனால், சிரிப்பு விடையாகிவிடுமா? புதியது எது வரினும் எள்ளி நகையாடுவது பழைமையின் வாடிக்கை. மேனாட்டார் சொன்னார், மேதை சொன்னார் என்று கைகட்டி வாய்பொத்தி நிற்பதோ அடிமையின் வாடிக்கை. சாத்திரம் சொல்லிற்று என்பதற்காக ஒன்றை ஏற்க மறுக்கும் நாம், இசையமைப்பாளர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்கலாமா? இசைக்கும் இரைச்சலுக்கும் எல்லைக்கோடு எங்கே? கிழித்தவர் யார்?

அறிவியலைக் கேட்போம். செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, சீராகத் திரும்பத் திரும்ப வரும் அதிர்வு இசையொலி, ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சல் என்று வகுத்தார். நல்ல வகுப்புத்தான், ஆயினும் ஆய்வுக்கூடத்து வாயிலோடு நின்றுவிடுகிறது. பெரிய தாளங்கள் இரண்டை மோதிப் பாருங்கள்; அந்த அதிர்விலே ஒழுங்கைத் தேடிச் சலிப்பீர்கள். எனினும் மேனாட்டுப் பேரிசைக் குழுவிலே அதற்கு இடமுண்டு. ஆலைச் சங்கின் நீண்ட ஊதலிலே ஒழுங்கான அதிர்வு இருக்கிறது. அதைக் கச்சேரி என்பார் எவருமில்லை!

1913-ஆம் ஆண்டு, இத்தாலிய ஓவியர் ருசோலோ, இரைச்சலின் உரிமைக்காகவே ஓர் அறிக்கை தீட்டினார். உறுமவும் சீறவும் வல்ல பெட்டிக் கருவிகளைச் செய்தார். அடுத்த ஆண்டு மிலான் நகரிலே அரங்கேற்றினார்; அவையோர் கலகம் விளைத்தனர். துணிவுக்காரர்தான். ஆனால் அவருடைய கூட்டத்தார் போரையும் போற்றிப் புகழ்ந்தனர். பீரங்கி முழக்கத்திலே இன்பம் கண்ட செவியை மதிக்க நம்மால் இயலவில்லை.

சங்கு என்றோமல்லவா? எட்கார் வரேஸ் 1931-ஆம் ஆண்டு முடித்த ஒரு படைப்பிலே, 13 கலைஞர் தட்டுக்கருவிகளை முழக்குகின்றனர்; நடுவே இரண்டு அபாயச் சங்குகள் எழுந்து, வளைந்து, தாழ்கின்றன. ஆலை வாயிலில் அது அழைப்பு. இங்கே அதை எடுத்துவிட்டால் படைப்பிலே ஓட்டை விழும்.

நாமும் இரைச்சலை அடக்கும் ஆசிரியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். சென்ற மாதம் வகுப்பிலே ஒரு சிறுவன் மேசையைத் தட்டினான். அதட்ட வாயெடுத்தோம், ஏனோ நிறுத்திக்கொண்டு கேட்டோம். நான்கு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு, மீண்டும் அதுவே. பக்கத்துப் பையன் அந்த இடைவெளியிலே தன் தட்டு ஒன்றை நுழைத்தான். முதலாமவன் முறைத்தான்: "கெடுத்துட்டியேடா!"

கெடுவதற்கு ஏதோ ஒன்று அங்கே இருந்தது! கூட்டினால் கெடுகிறதா, குறைத்தால் குறைகிறதா, மறுமுறை கேட்கும்போது முதல் முறை கேளாதது கேட்கிறதா? நம் கையில் உள்ள உரைகல் இதுதான்.

பிரெஞ்சு வானொலியில் பொறியாளராயிருந்த பியர் செஃபரை இதிலே உரைத்துப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டு, பாரிசின் பாத்தினோல் நிலையத்திலே புகைவண்டி எஞ்சின்களின் ஒலிகளைப் பதிவு செய்தார். தட்டிலே உள்ள கோடு உள்நோக்கிச் செல்லாமல் வட்டமாக மூடிக்கொண்டால், முள் அங்கேயே சுற்றும். ஒரே துணுக்கு ஓயாமல் ஒலிக்கும். முதல் முறை 'வண்டி' என்கிறது செவி. பத்தாம் முறை வண்டி மறைந்து, ஏற்றமும் இறக்கமும் மட்டுமே நிற்கின்றன. மணியோசையிலே நாக்கு மோதும் முதற் கணத்தை அவர் நீக்கினார். எஞ்சியது மணியன்று, குழல் போன்றதோர் ஒலி! தேர்ந்தார், வெட்டினார், அடுக்கினார், வேண்டாததை எறிந்தார்.

இனி கேஜிடம் திரும்புவோம். அன்று மழைக்கு மாறாக இடி இடித்திருந்தால்? அதே படைப்பு. ஒருவர் இருமியிருந்தால்? அதே படைப்பு. எதைக் கூட்டினும் கெடாத, எதைக் கழிப்பினும் குறையாத ஒன்றை இசை என்று ஒப்ப நம் அறிவு இடந்தரவில்லை. ஏமாற்று என்று ஏசவும் மாட்டோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே, எதிரொலி எழாத அறைக்குள் அமைதியைத் தேடி நுழைந்தவர் அவர். அங்கும் இரண்டு ஒலிகள் கேட்டன, தம் உடலிலிருந்தே வருவன என்று. முழு அமைதி இல்லை என்று கண்டவர், பிறரையும் கேட்கச் செய்தார். பாடம்தான் அது, பாடம் வேறு, பாட்டு வேறு.

இதிலே ஒரு வியப்பு. 1986-ஆம் ஆண்டு ஒரு நேர்காணலில், 'டோ, ரே, மி' என்னும் பழைய சுரங்களுக்கு வெளியே இசை இல்லை, தம் உழைப்பு வீணாயிற்று என்னும் பொருள்படச் செஃபரே பேசிவிட்டார்! பெற்றவரே கைவிட்டாரே என்று, அந்தப் புகைவண்டிப் படைப்பை மீண்டும் கேட்டோம். ஏறத்தாழ மூன்றே நிமிடம். ஊதல் எழுகிறது, சக்கரங்கள் தடதடக்கின்றன, சட்டென்று வெட்டு, வேறொரு தடதடப்பு. அந்த வெட்டு ஒரு நொடி தள்ளி விழுந்திருந்தால் கெட்டிருக்கும். செஃபரின் சொல்லோடு நமக்கு உடன்பாடில்லை.