பன்னிரண்டாம் எண்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1908-இல் தொடங்கிய ஃபெயனூர்ட் கால்பந்துக் கழகம், 12-ஆம் எண் சட்டையை எந்த வீரருக்கும் தருவதில்லை. அது ரசிகர்களுக்கு உரியது.

ரசிகர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான இந்தப் பாசம் சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய கிரிக்கெட் வீரர் நடராஜனை, அவருடைய ஊரான சின்னப்பம்பட்டி குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி, மேளதாளத்தோடு அழைத்து வந்தது. டென்னிஸ் பந்தில் அவர் ஆடிப் பழகியதைப் பார்த்த ஊர் அது. தன்னைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷின் பெயரை, 'ஜேபி நட்டு' என்று சட்டையிலேயே சுமந்தார் அவர். எடுத்த விக்கெட்டுகளைவிட எனக்கு அதுதான் பெரிது. 2023-இல் அதே ஊரில் பிள்ளைகளுக்காக மைதானமும் அமைத்தார்.

உங்கள் ஊர்த் திடலில் இன்று மாலை ஆட்டம் நடந்தால், பத்து நிமிடம் நின்று கை தட்டிவிட்டுப் போங்கள்.