அடகு போன வளையல்கள்

1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமின் வீட்டில் சேர்க்கைக்கு வேண்டிய ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜொகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவது என்று உறுதி எடுத்துக்கொண்டதைக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பள்ளி ஆண்டு விழாக்களில் அடிக்கடி சொல்லப்படும் கதைதான். ஆனால் எப்போதும் தம்பியின் பக்கம் நின்றே அதைச் சொல்கிறோம்.

அக்காவின் பக்கம் போய் நின்றால் கேள்வி மாறிவிடுகிறது. ஒருவர் படிக்க, உடன்பிறந்த இன்னொருவர் எதுவரை இழக்கலாம்?

ஜொகரா கொடுத்தது நகை. நகைக்கு மீட்சி உண்டு. அவர் திருமணமானவர், தன் பொருளைத் தானே முடிவு செய்து கழற்றிக் கொடுத்தார். கொடை என்ற சொல் அங்கே பொருந்துகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்கோ போன பெண்பிள்ளைகளின் கதைக்கு அந்தச் சொல் பொருந்துமா? ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், பதின்ம வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவது மேற்கு மாவட்ட ஆலைகளில் பல காலம் நடந்தது. திருமணத்துக்கான பணம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் அனுப்பிய காசில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய வீடுகளும் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றவளிடம் “உனக்குச் சம்மதமா?” என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்? தலையாட்டியிருப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வயதில், அந்த வறுமையில், மறுக்க முடியாத இடத்தில் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். வளையலை மீட்கலாம். பதினைந்திலிருந்து பதினெட்டு வரையிலான மூன்று வருடத்தை எந்தக் கடையில் போய் மீட்பது?

படித்தவன் கைம்மாறே செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக வந்து இறங்குகிறது. அதில் அன்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அண்ணன் தம்பிக்குள் இன்னும் நேரான கணக்கும் உண்டு: ஒருவன் படித்து வேலைக்குப் போய்விட்டான், காடு கழனி ஊரில் இருப்பவனுக்கே என்று பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். படிப்பையும் ஒரு பங்காக எண்ணுகிற அந்த நியாயம், பெண் என்று வரும்போது காணாமல் போகிறது. 1989-இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் குடும்பத்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. இன்றும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட அக்கா தங்கைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். படிப்பும் அவனுக்கு, நிலமும் அவனுக்கு, அவளுக்குச் சீர்வரிசை.

அதற்காக, படிக்கப் போனவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. அவனும் சுமக்கிறான். வங்கிக் கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்கமாட்டார்கள். வீட்டாருக்குப் பட்ட கடனுக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது. பிடித்த பாடம், ஆராய்ச்சி என்றெல்லாம் யோசிக்காமல் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்கிறான். வேலை கிடைக்காதவன் ஊர்த் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை.

தவறு வேறு இடத்திலும் இருக்கிறது. 2021–22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டிய உயரம். அதில் ஏறிவந்தவர்களில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்காகவே முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். இரண்டு பிள்ளை உள்ள ஏழை வீட்டில், யார் அந்த ஒருவர் என்ற கேள்வியை அரசாங்கமே கூடத்தில் கொண்டுவந்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு திட்டம் வேறு வழியில் யோசித்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவி, பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் பணம் அவள் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறது. “உன்னைப் படிக்கவைக்க எங்கே காசு?” என்ற பேச்சுக்கு அவள் தரப்பில் ஒரு பதில் இருக்கிறது.

அந்தப் பதில் இல்லாத காலத்தில் ஆலைக்குப் போனவர்களுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத மேல் வயது வரம்பு கிடையாது. அதன் பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் கட்ட, அக்கா படிக்கும் நேரத்தில் அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, கணக்கு சொல்லித்தர, அந்த வீட்டில் படித்தவன் ஒருவன் இருக்கிறான்.