யாத்திரையில் இளைப்பாறுதல்



உபாசக உபாசிகைகளே, ஹடப்சரிலிருந்து லும்பினி யாத்திரைக்கு ஆயத்தமாகும் அன்பர்களை முன்னிட்டு இதனைக் கூறத் துணிந்தேன். புனேயில் இரயிலேறிக் கோரக்பூரில் இறங்கி, சோனௌலி எல்லையைக் கடந்தால் நேபாள நாடு. இந்தியராகிய நமக்கு அங்கே கடவுச்சீட்டும் கட்டாயமன்று. வாக்காளர் அட்டை போதும். ஆகவே செல்லுதல் எளிது. சென்றவிடத்தில் அமைதியாக இருத்தலே நமக்கு அரிதாயிருக்கின்றது.

பத்து நாளில் எட்டுத் தலம் என்று வண்டி பேசிப் புறப்படுகின்றோம். பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பகவன் அவதரித்த மண்ணில் அரை மணி நேரம்; அதற்குள் 'ஏறுங்கள், ஏறுங்கள்' என்னும் கூக்குரல்! நேபாளத்துக் கடிகாரம் நம் கடிகாரத்தினும் 15 நிமிடம் முந்தியது. அந்தக் கால் மணியும் பறிபோயிற்றே என்று பதைப்போரும் உளர். மீண்டு வந்தவரை 'யாது கண்டீர்?' என வினவினால், வண்டியின் சன்னலைக் கண்டேன் என்பதொன்றே மெய்யான விடையாகும்.

இதன் காரணம் யாது? ஆலைச் சங்கொலிக்கு எழுந்தோடியவன் யான், அறிந்தே சொல்லுகின்றேன். வேலை நின்ற பின்னும் சங்கு நெஞ்சினுள் ஊதிக்கொண்டே இருக்கும். அதனினும் பழைய காரணம் ஒன்றுண்டு. பண்ணையில் உழைத்த நம் பாட்டன்மார் மர நிழலில் சற்றே அமர்ந்தால் வசைமொழி கேட்டனர். உட்காருவதே குற்றம் என்னும் அச்சம் தலைமுறை தலைமுறையாக நம் கால்களில் ஏறியிருக்கின்றது. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழில் துறை உறுப்பினராயிருந்த காலத்தின் முடிவில், 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்திற்கு 54 மணி வேலையை 48 ஆகக் குறைத்தது. சட்டம் தந்த ஓய்வை நாமே நமக்கு மறுத்தல் தகுமோ?

சோணர் என்னும் பிக்குவின் வரலாற்றை நினைமின். செல்வர் வீட்டில் மெல்லடியராய் வளர்ந்த அவர், இராஜகிருகத்தை அடுத்த சீதவனத்தில், பாதம் பிளந்து குருதி வழியுமளவும் ஓயாது நடந்து தியானம் பயின்றார். பயன் காணாது வீடு திரும்பவும் எண்ணினார். பகவன் அவரை அணுகி, அவர் முன்பு பயின்ற வீணையைப் பற்றி வினவினார். நரம்பு மிக முறுகினாலும் இசையில்லை, மிகத் தளர்ந்தாலும் இசையில்லை என்பதைச் சோணர் வாயாலேயே சொல்வித்தார். வீணையை யான் அறியேன். பாவு நூலை அறிவேன். இறுக்கினால் அறும், தளர்ந்தால் சிக்கும். தறியில் நின்றோர்க்கு இதற்கு மேல் விரிவுரை வேண்டா.

நம் ஹடப்சர் சாலையையே பாருங்கள். ஆண்டுதோறும் ஞானேசுவரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் புனேயில் தங்கியபின் இவ்வழி வந்து பிரிகின்றன. ஒன்று சாஸ்வட்டை நோக்கியும், மற்றொன்று லோணி காள்போரை நோக்கியும் செல்லும். அவர்கள் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும் பண்டரிபுரம் வரையில் ஊர்தோறும் தங்கி, உண்டு, உறங்கி, மறுநாள் நடக்கின்ற அந்த முறைமையை நாம் கற்கலாம்.

ஆகையால் லும்பினியில் இரண்டு இரவேனும் தங்குமின். ஓரிரு தலம் விடுபட்டால் விடுபடட்டும். வண்டி பேசும்போதே இதனை உறுதி செய்துகொள்ளுதல் நலம். முதியோர் உடனிருப்பின் இன்றியமையாதது. 1896-இல் கண்டறியப்பட்ட அசோகர் தூணின் முன் புல்தரையில் அமருங்கள். தாம் முடிசூடிய இருபதாம் ஆண்டில் நேரில் வந்து வணங்கி, அவ்வூரார்க்கு வரியைக் குறைத்ததாக அம்மன்னர் அதில் பொறித்திருக்கின்றார். யாத்திரை வந்தவிடத்தில் உழவர் செலுத்தும் வரியை எண்ணிப் பார்க்க அவருக்குப் பொழுதிருந்தது!

பகவனுடைய இறுதி யாத்திரையை மகாபரிநிப்பான சூத்திரம் விரித்துரைக்கின்றது. எண்பது வயது, பாவா நகரில் சுந்தன் அளித்த உணவுக்குப்பின் கடும் நோய், செல்லவேண்டிய இடமோ குசிநாரா. அந்நிலையிலும் அவர் வழியை விட்டு விலகி, ஒரு மரத்தடியில் மேலாடையை நான்காக மடித்து விரிக்கச் சொல்லி, தாம் களைத்திருப்பதை ஒளியாது கூறி அமர்ந்தார். நீர் வேண்டினார். ஐந்நூறு வண்டிகள் ஓடையைக் கலக்கிச் சென்றன, ககுத்தா நதி அருகிலுள்ளது, அங்கே பருகலாம் என்றார் ஆனந்தர். பகவன் மூன்றாம் முறையும் வேண்டவே ஆனந்தர் சென்றார், ஓடை தெளிந்திருந்தது. அந்நீரைப் பருகிய பின்னர் ககுத்தா நதியிலே நீராடி, மாந்தோப்பில் வலப்புறமாகச் சாய்ந்து இளைப்பாறினார். குசிநாராவுக்கு நடந்தது அதன் பிறகே.