செவி தரும் சான்று

பவர் கேபிளை விலையுயர்ந்ததாக மாற்றியபின் தம் இல்லத்து ஆம்ப்ளிஃபயரில் இசை தெளிந்து ஒலிப்பதாக அன்பர் ஒருவர் கூறுகிறார் எனக் கொள்வோம். அவர் பொய்யுரைக்கவில்லை, கேட்டதையே உரைக்கிறார். ஆயினும் அவர் கூற்று மெய்யாகுமா என்பது வேறு வினாவாகும்.

பல கிலோமீட்டர் கடந்து வரும் மின்சாரம், 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக நம் இல்லத்தை அடைகிறது. கருவியினுள் உள்ள மின்மாற்றியும் டயோடுகளும் மின்தேக்கிகளும் அதனை நேர்மின்னோட்டமாக மாற்றிய பின்னரே இசைக்கு அது பயன்படுகிறது. ஆகவே, போதிய தடிமனும் உறுதியான இணைப்பும் உடைய கம்பிகளுள் ஒன்று மற்றொன்றினும் இனிதாக இசைக்கக் காரணம் காண்பது அரிது. தளர்ந்த இணைப்பும் எர்த் குறைபாடும் இரைச்சல் தருவது உண்மை. அதனைச் சிறு செலவில் சீர்செய்யலாம்.

அவ்வாறாயின் அன்பர் கேட்ட மாற்றம் யாது? விலையை அறிந்த மனமும் செவியோடு சேர்ந்து கேட்கிறது. அம்மனத்தின் சார்பை விலக்கவே, எது எதுவென அறியாமல் ஒலிகளை ஒப்பிட்டுக் கேட்கும் சோதனை முறையை, பெல் ஆய்வுக்கூடத்தின் மன்சன், கார்ட்னர் என்னும் இருவர் 1950-இல் வெளியிட்டனர்.

'இனிமை கேட்டேன்' என்பது அனுபவம். 'கம்பியால் கேட்டேன்' என்பது அனுமானம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மயக்கம். தம் மகிழ்ச்சிக்குத் தம் பொருளைச் செலவிடுவோரை நாம் பழித்தல் வேண்டா. ஆனால் பிறரை வாங்கத் தூண்டுங்கால், அறிந்ததையும் எண்ணியதையும் பிரித்துரைப்பது நம் கடன். சோதியாததை உறுதியாகக் கூறும் சொல், பொய்யெனும் எண்ணமின்றிப் பிறந்தாலும், கேட்பவருக்குப் பொய்யின் பயனையே தரும்.