வாக்கும் ஓர் அமானிதமே



கடைக்கு ஒரு கணக்கப்பிள்ளை வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? முன்பு எங்கே இருந்தார், கைச்சுத்தம் எப்படி, பேரேடு எழுதத் தெரியுமா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஊர்க்காரர் என்பதற்காகக் கல்லாச் சாவியைக் கொடுத்துவிடுவதில்லை. ஆனால் தேர்தல் வந்தால் மட்டும், "அபேட்சகர் நம்மவர்தானா?" என்ற கேள்வியோடு நம்மில் பலர் நின்றுவிடுகின்றனர்.

அமானிதங்களை உரியவரிடமே ஒப்படைக்க வேண்டுமெனத் திருமறையின் 4ஆம் அத்தியாயம் 58ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா பணிக்கிறான். உற்றாருக்குப் பாதகமாயினும் நீதிக்கே சாட்சியாக நிற்க வேண்டுமென 135ஆம் வசனம் கூறுகிறது. வாக்கு அமானிதமுமாகும், சாட்சியமுமாகும்.

சிங்கப்பூரில் 1948 மார்ச் 20இல் முதல் தேர்தல் நடந்தபோது மக்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் 6 மட்டுமே. பிரிட்டிஷ் பிரஜைகளே வாக்களிக்கலாம். அவர்களும் வலியச் சென்று பெயர் பதிய வேண்டும். 1959இல் இடங்கள் 51 ஆயின, வாக்களிப்பதும் கட்டாயமாயிற்று. 2025இல் இடங்கள் 97. சட்டம் நம்மை வாக்குச்சாவடி வரை அழைத்துச் செல்லும். விசாரித்து வாக்களிக்கச் செய்வது ஈமானே.

விசாரிப்பது கடினமன்று. பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, எவரும் படிக்கலாம். நகர மன்றங்களின் தணிக்கைக் கணக்கும் வெளிவருகிறது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்தம் சொத்தைக் கணக்கெழுதி வைத்தார்கள் என வரலாற்றாசிரியர் உரைப்பர். கணக்குப் பார்ப்பது பகைமையாகாது. ஆனால் ஏட்டில் உள்ளதை எடுத்துச் சொல்வது வேறு. சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையில் காதில் விழுந்ததைப் பரப்புவது வேறு. முன்னது சாட்சியம், பின்னது அவதூறு.

இன்னொன்று. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூசுஃப் நபி (அலை) அவர்கள் குலத்தைக் கூறவில்லை. தாம் பேணிக் காப்பவர், விஷயமறிந்தவர் என்றே கூறினார்கள். அத்தகைய இளைஞரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தால், "வியாபாரம் என்னாவது?" என்று வீட்டார் தடுக்கின்றனர். 1988 முதல் குழுத்தொகுதி அணி ஒவ்வொன்றிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும். இடம் இருக்கிறது; தகுதியுள்ளவரை அனுப்பாமல், "நமக்காகப் பேச ஆளில்லையே" என்று அங்கலாய்ப்பதில் பயன் என்ன?

எவருக்கு வாக்களிப்பதென்று நாம் சொல்லப்போவதில்லை. அது உங்கள் உரிமை. அறிந்து அளியுங்கள், தகுதியுள்ள பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்றே வேண்டுகிறோம். மஹ்ஷரில் நம் சாட்சியம் நமக்கே எதிராகாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.