இயேசுவா, நம் சாயலா?

1935ஆம் ஆண்டு அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் குழு ஒன்று இலங்கைக்கு வந்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஹோவர்ட் தர்மன் கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசினார். பேச்சு முடிந்த பிறகு அங்கிருந்த ஒருவர் அவரிடம் ஒளிவுமறைவின்றிக் கேட்டார். தர்மனின் முன்னோரைப் பிடித்துக் கொண்டுபோய் விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். அடிமைகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலுக்கே இயேசுவின் பெயர். பிறகு எப்படி அவர் கிறிஸ்தவராக இருக்கிறார் என்பது கேள்வியின் சாரம். தர்மன் 1949இல் வெளியிட்ட ‘இயேசுவும் உரிமை இழந்தோரும்’ என்ற நூல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு விசுவாசி இயேசுவிடம் ஈர்க்கப்படுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அறநெறிக்கு அந்தக் காரணங்களின் பட்டியல் தேவையில்லை. அந்த ஈர்ப்பு நேர்மையானதா என்பதே அதன் கேள்வி.

நோய் தீரவும் கடன் அடையவும் பிள்ளைக்கு வேலை கிடைக்கவும் வேண்டிக்கொண்டு வருபவரின் பக்தியை மட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. சுவிசேஷங்கள் அவ்வளவு கறாராக இல்லை. அப்பம் தின்று திருப்தியானதால்தான் தன்னைத் தேடி வருகிறார்கள் என்று ஜனங்களை இயேசு கடிந்துகொள்வதாக யோவான் எழுதுகிறார். ஆனால் அந்த அப்பத்தைக் கொடுத்தவரும் அவரே. கொடுத்த பிறகுதான் கடிந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொட்டபோது, அவள் குணம் தேடித்தான் வந்தாள், குணமாகியே போனாள். தேவையோடு வருவதில் குற்றமில்லை. தேவைக்கு ஏற்றபடி அவரையே திருத்திக்கொள்வதில்தான் குற்றம் இருக்கிறது.

அப்படித் திருத்துவது எவ்வளவு எளிது என்பதை 1906இல் இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் காட்டினார். இயேசுவின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய அறிஞர்களை அவர் வரிசையாக எடுத்துப் படித்தார். ஒவ்வொருவரும் தம் காலத்துக் கருத்துகளையும் தம் குணத்தையும் இயேசுவின்மேல் ஏற்றியிருப்பதைக் கண்டார். அவர்கள் வேண்டுமென்று செய்தவர்கள் அல்லர். வேண்டுமென்றே செய்தவர்களும் இருந்தார்கள்.

1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் இடம்பெற்றன. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விடுதலையாகி வந்த வரலாறு இல்லை. சங்கீதங்கள் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது.

அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வெட்டியது வேறு நோக்கத்தில். 1820வாக்கில் அவர் சுவிசேஷப் பக்கங்களைக் கத்தியால் நறுக்கி ஒட்டித் தமக்கென்று ஒரு நூல் செய்துகொண்டார். அற்புதங்களை நீக்கினார், உயிர்த்தெழுதலையும் நீக்கினார், மலைப்பிரசங்கத்தை வைத்துக்கொண்டார். பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற போதனை அதில் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டிவைத்த கைக்குச் சொந்தக்காரர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அற்புதங்களை வெட்டியதா, வெட்டாமல் விட்ட வசனத்துக்குச் செவிகொடாததா, எது பெரிய வெட்டு?

மூன்றாவதாக ஒரு வெட்டும் உண்டு. தர்மனின் பாட்டி அடிமையாக வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குச் சிறுவன் தர்மன் வேதம் வாசித்துக் காட்டுவான். சங்கீதமும் ஏசாயாவும் சுவிசேஷங்களும் வாசிக்கலாம்; பவுலின் நிருபங்கள் கூடாது. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது விலக்கு. வெள்ளைக்கார எஜமான் அழைத்துவந்த போதகர், அடிமைகள் அடங்கி நடக்க வேண்டும் என்பதற்குப் பவுலின் வசனத்தையே எடுத்துப் பிரசங்கித்துவந்தாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அப்போதே பாட்டி முடிவு செய்திருந்தார்.

இதுவும் கத்தரிப்புத்தானே? லண்டனில் வெட்டியவர்களைக் கண்டித்துவிட்டு, பாட்டியை மட்டும் எப்படிப் பாராட்டுவது? ஒடுக்கியவர் வெட்டினால் தவறு, ஒடுக்கப்பட்டவர் வெட்டினால் சரி என்பது பாதிப் பதில்தான். அடிபட்டவரும் தம் வெறுப்புக்குத் துணைநிற்கும் ஓர் இயேசுவைச் செய்துகொள்ள முடியும். உரைத்துப் பார்க்க வேறு கல் வேண்டும். எஞ்சியிருக்கும் இயேசு தன்னை வைத்திருப்பவரிடம் எதையாவது கேட்கிறாரா என்பதே அந்தக் கல். அடிமை வேதாகமத்தின் இயேசு எஜமானிடம் எதையும் கேட்கவில்லை. ஜெஃபர்சனின் இயேசு கேட்டார்; ஜெஃபர்சன் கொடுக்கவில்லை. தர்மன் தம் நூலில் காட்டும் இயேசுவோ ரோமப் பேரரசின்கீழ் உரிமையின்றி வாழ்ந்த ஏழை யூதர். ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நிற்பவர். ஆனாலும் அந்த ஒடுக்கப்பட்டவரிடம் அச்சத்தையும் வஞ்சகத்தையும் வெறுப்பையும் கைவிடச் சொல்கிறார். சொந்த நிழல் இப்படிக் கேட்காது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வெறுக்காதே என்று ஒடுக்கப்பட்டவரிடம் சொல்வது எஜமானின் போதகர் சொன்னதற்குப் பக்கத்திலேயே நிற்கிறதே? சொற்கள் ஒன்றாக இருக்கலாம். சொல்பவர் யார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. தர்மன் தம் மக்களுள் ஒருவராக நின்று, தம்மையும் சேர்த்தே பேசினார். போதகர் சொன்னது தமக்கு எந்தச் செலவும் வைக்காத உபதேசம். இயேசுவின் கட்டளையைத் தனக்கென்று ஏற்பவருக்கு அது அறம். அடுத்தவர் தலையில் மட்டும் சுமத்துபவருக்கு அது ஆயுதம்.

தமிழ்ச் சபைகளும் இந்தச் சோதனையைச் சந்தித்திருக்கின்றன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். பாட்டும் ஜெபமும் பண்டிகையும் அவர்களுக்கு உவப்பாகத்தான் இருந்தன. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பது இயலவில்லை. கட்டளை ஓர் ஐரோப்பிய ஆயரிடமிருந்து, ஆளும் இனத்தின் அதிகாரத்தோடு வந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் போன பிறகும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிச்சுவர் நிற்பதற்கு ஆயரைக் குறை சொல்ல முடியாது.

நித்திய ஜீவனைத் தேடி வந்த பணக்காரன் ஒருவனை இயேசு அன்போடு பார்த்ததாக மாற்கு எழுதுகிறார். உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் அவன் துக்கத்தோடு போய்விட்டான். அவன் தோற்றான், ஆனால் வசனத்தை வெட்டவில்லை. கேட்கப்பட்டது இன்னதென்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, துக்கம் அதனால் வந்தது. எதையும் இழக்காமல், எதற்கும் துக்கப்படாமல் ஆண்டுக்கணக்காக உடன்வரும் விசுவாசி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தன் விருப்பத்துக்கு எதிராக இயேசு கடைசியாகச் சொன்னது என்ன? பதில் நினைவுக்கு வரவில்லை என்றால், அவரைப் பேசவிடவில்லை என்று பொருள்.