படிப்படியான துறவு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயத்துச் சுவரில், வீரராஜேந்திர சோழ தேவரின் ஆட்சியில், ஏறக்குறைய 1069-ஆம் ஆண்டில், பொறிக்கப்பட்ட நெடிய சாசனம் ஒன்று உள்ளது. பெருமாளின் திருவாராதனத்துக்கும், வேதமும் வியாகரணமும் பயிலும் மாணாக்கரின் உணவுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கணக்கிட்டுச் சொல்லும் அச்சாசனம், அதே மூச்சில் ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையையும் பேசுகிறது. 15 நோயாளிகள் படுத்திருக்க இடம், ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்பவர் இருவர், மருந்து காய்ச்சி நோயாளரைப் பராமரிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் ஜீவிதம் வகுத்து, ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய ஔஷதங்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. வாத நோய்களுக்கு உரியதென்று ஆயுர்வேதம் கொள்ளும் ஆமணக்கு சேர்ந்த தைலங்கள் அவ்வரிசையில் உள்ளன. சித்தம் கலங்கியோருக்குச் சரகர் விதித்த பழநெய்யும் அங்கேயே இருக்கிறது. நரம்பின் நோவையும் மனத்தின் நோவையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்த அந்தச் சாலையில், இரவெல்லாம் எரியும்படி ஒரு விளக்குக்கும் நிவந்தம் உண்டு. நோயாளிக்கு இரவே நெடிது என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

இந்தச் சாசனத்தை நான் நினைப்பது, நம் காலத்துக்குரிய ஒரு வேதனையை முன்னிட்டு. மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் என்று கொடுக்கப்படும் டயஸிபாம், அல்ப்ரஸோலம், குளோனஸிபாம் முதலிய மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டுவிட்டு, அவற்றைக் குறைக்கத் தொடங்குகிறவர்களிற் சிலருக்கு, உள்ளங்கால் எரிகிறது, விரல்கள் மதமதக்கின்றன, முதுகில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று இழுக்கிறது. காரணம் இது: மூளையில் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்னும் இரசாயனத்தின் வேலைக்கு இம்மருந்துகள் வலுவூட்டுகின்றன, பல மாதங்கள் அவ்வாறு நிகழ்ந்தபின், நரம்புகள் அந்த வலுவை எதிர்பார்த்தே தம்மை அமைத்துக்கொள்கின்றன, மருந்து குறையும்போது அடக்குவாரற்ற கிளர்ச்சி மேலெழுகிறது. வாரக்கணக்கில் தணிவோரும் உண்டு. மாதக்கணக்கில் நீடிப்போரும் உண்டு. ஆனால் எரிச்சலையெல்லாம் இதன்மேற் சுமத்திவிடலாகாது. நீரிழிவும் பி12 சத்துக் குறைவும் இதே எரிச்சலை உண்டாக்கும் என்பதால், இரத்தம் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இவ்வேதனையை அனுபவிக்கிறவரிடம் நம்முடைய சமய உணர்ச்சி எவ்வாறு பேசுகிறது என்பதே என் விசாரம். ‘பிராரப்தம், அனுபவித்தே தீரவேண்டும்’ என்பார் ஒருவர். ‘மனத்தில் உறுதியிருந்தால் இன்றைக்கே தூக்கி எறியலாமே’ என்பார் மற்றொருவர். முதல் வார்த்தை நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது வார்த்தை அவரைக் கோழை ஆக்குகிறது. இரண்டாவதே அதிக அபாயம் உடையது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில், துறவு என்றவுடன் அனைத்தையும் ஒரு கணத்தில் உதறி எழுந்த பட்டினத்தாரையே நெஞ்சில் நிறுத்திப் பழகிய நாம், பற்றை விடுதல் என்பது திடீரென்று நிகழ்ந்தால்தான் மெய்யானது என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தை இம்மருந்தின் விஷயத்தில் ஏற்றிப் பார்த்தால் வலிப்பு வரலாம். சில சமயம் உயிரே போகும்.

ஆனால் நம் சாஸ்திரமே வேறொரு வழியையும் அறிந்திருக்கிறது. மனத்தை அடக்குவது பற்றிப் பேசும் கீதையின் ஆறாம் அத்தியாயம், அதைச் சிறிது சிறிதாக, தைரியத்தால் பிடிக்கப்பட்ட புத்தியைக் கொண்டு ஓயச் செய்யவேண்டும் என்கிறது; அதே அத்தியாயத்தில் வைராக்கியத்தின் பக்கத்தில் அப்யாசம் வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இம்மாத்திரைகளிலிருந்து மீள விரும்பியோருக்கெனச் சிகிச்சை நிலையம் நடத்திய ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து எழுதி வைத்ததும் இதனோடு ஒத்திருக்கிறது: அளவைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும், வேகத்தை நோயாளியின் உடல் தாங்குமாறு அமைக்க வேண்டும். இன்று வைத்தியர்கள் பெரும்பாலும் 100-க்கு 5 முதல் 10 பங்கு வரை குறைத்து, சில வாரங்கள் பொறுத்து, அடுத்த படியில் இறங்கச் செய்கிறார்கள். ஒரு படியில் நின்று நிதானிப்பதைத் தோல்வி என்று கொள்வது அறியாமை. மாத்திரையின் அளவில் ஒரு சிறு பங்கைக் குறைத்துவிட்டு, எரியும் பாதங்களோடு ஓர் இரவைக் கடத்தி, மறுநாளும் அந்த அளவிலேயே நிற்பவர் செய்வதை அப்யாசம் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் திதிட்சை என்பது என்ன? துன்பங்களைப் பரிகாரம் தேடாமலும் புலம்பாமலும் சகித்தலே திதிட்சை என்று விவேக சூடாமணி இலக்கணம் கூறுகிறது. அது பிரம்ம விசாரத்துக்கு ஆயத்தமாகும் முமுக்ஷுவுக்குச் சொன்ன இலக்கணம். வலியால் உறங்காத குடும்பஸ்தனின் கையிலிருந்து மருந்தைப் பறிப்பதற்குச் சொன்னதன்று. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி, தம் கையில் தோன்றிய கட்டிக்காக 1949-இலிருந்து நான்கு முறை அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட்டு, 1950 ஏப்ரல் 14 அன்று சரீரம் நீத்தார். தாம் தேகமல்லர் என்று உணர்ந்தவர் என உலகம் போற்றிய ஒருவர், அடியார்கள் அழைத்துவந்த வைத்தியர்களை விலக்கவில்லை. இன்னவர் வேண்டும் என்று கேட்கவுமில்லை. சகிப்புக்கும் சிகிச்சைக்கும் பகையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை.

திருநாவுக்கரசரின் வரலாறோ இன்னும் நெருக்கமானது. சூலை நோய் குடலைப் பற்றியபோது, சமண மடத்தில் செய்த மந்திரமும் பிறவும் பலிக்காமற்போக, அவர் தேடிச் சென்றது திலகவதியாரை. தமக்கை கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு திருவதிகைச் சந்நிதியில் நின்று பாடினார் என்று பெரிய புராணம் கூறும். பக்தர்கள் அற்புதத்தைப் போற்றுகிறார்கள், போற்றட்டும். நான் அதற்கு முன்னாலுள்ள பகுதியிலேயே நிற்கிறேன்: வலி பொறுக்கமுடியாத ஒருவர், இரவில், தாம் பிரிந்து போன தமக்கையைத் தேடி அவளுடைய திருமடத்துக்கு வந்தார், அவள் ஏன் போனாய் என்று வழக்காடாமல் அவரை ஏற்றுக்கொண்டாள். நாவரசரின் பொறுமைக்கு ஆதாரமாய் நின்றது அந்தத் தமக்கையின் பொறுமை.

ஆகவே வலியில் தனியான புண்ணியம் ஏதும் இருப்பதாக நான் ஒப்பமாட்டேன். எரிச்சலைத் தணிக்க வைத்தியர் வேறு மருந்து தந்தால் உட்கொள்வதும், வெந்நீரில் கால் வைப்பதும், மாலையில் சற்று நடப்பதும், ஜபமோ மூச்சை நிதானிப்பதோ பழகுவதும், எதுவும் சகிப்புக்குப் பகையன்று. பாதம் மரத்திருந்தால் மட்டும் நீரின் சூட்டைப் பிறர் கையால் சோதித்துக்கொள்ள வேண்டும். கூடாதவை, அண்டை வீட்டார் பேச்சுக்கு அஞ்சி ஒரேயடியாக நிறுத்துவதும், வலிக்கு அஞ்சித் தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்வதும், மதுவைத் துணைக்கு அழைப்பதும்.

உங்கள் வீட்டில் ஒருவர் இம்மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்தால், ‘இன்னுமா விடவில்லை’ என்று கேளாதீர்கள். எழுதிக் கொடுத்த வைத்தியரையோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ கலந்தே ஒவ்வொரு படியும் இறங்கட்டும். வலிப்பு கண்டால் 108-ஐ அழையுங்கள். உறக்கமற்ற இரவில் நெஞ்சு கலங்கினால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.